இடது பின் சக்கரம்

ஜீப் மூன்று காலில் நிற்கிறது.
நாலாவதற்கு ஜாக்கி,
ஜாக்கிக்குக் கீழே ஒரு பலகை.
லூர்துராஜுக்கும் இப்போதைக்கு ஒரு கால்தான்.
மற்றது மாவுக்கட்டோடு
பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து நீண்டு
வாசலில் வெயில் காய்கிறது.

கட்டபெட்டில் பஞ்சர் கடைக்காரன்
மச்சினி கல்யாணத்துக்குக் கூடலூர் போய்விட்டான்.
நாளை இரவு கேரட் மேட்டுப்பாளையம் இறங்கவேண்டும்.
ஓட்டுவதற்கு மேல்வீட்டு போஜன் வருவார்,
டயர்தான் கண்ணாடி மாதிரி தேய்ந்து கிடக்கிறது.
நான் கழற்றுகிறேன் என்றேன்.
சிரித்தார்.
பிறகு சொல்லித்தர ஆரம்பித்தார்.

வால்வைப் பிடுங்கு என்றார். பிடுங்கினேன்.
உள்ளிருந்து வந்தது
ஆடி மழைக்குப் பூட்டிய அலமாரியின் வாசனை.
சோப்புத் தண்ணி ஊற்று என்றார், ஊற்றினேன்.
ஓரத்தில் ஏறிக் குதி என்றார்,
சேலையைச் சொருகிக்கொண்டு குதித்தேன்.
கம்பியை விட்டு நெம்பு என்றார்.
வளைந்தது கம்பி.
இரும்பும் ரப்பரும் ஒரே துருவாகி
ஒன்றின் பல்லில் ஒன்று கடிபட்டுக் கிடந்தன.

ஓர் அண்டா வெந்நீர் காய்ச்சி ஊற்றினேன்.
ஆவி போயிற்று. அது போகவில்லை.

சம்மட்டி.
முதல் அடி, இரண்டாவது.
மூன்றாவதில் எகிறித் திரும்பி
என் முழங்காலை உரசிவிட்டுப் போனது.
விடு, என்றார்.
கடைக்காரனே வரட்டும். விட்டுடு.
இதுவரை சொல்லித்தந்த குரல் இல்லை அது.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான்
விளிம்பைப் பார்த்தேன்.
சுற்றிலும் ஒரே சீரான துரு.
கம்பி பட்ட தழும்பு ஒன்றுகூட இல்லை,
இன்றைக்கு நான் போட்டதைத் தவிர.

இடது பின் சக்கரம்.
குஞ்சப்பனையில் பஞ்சர், மணி ரெண்டு.
அரவேணு தாண்டியதும் பஞ்சர், விடிஞ்சிருச்சு.
கடை திறக்கிறவரைக்கும்
மண்டி வாசல்ல சாக்கு மேலயே படுத்துக் கிடந்தேன்,
அந்த இடது பின் சக்கரந்தான், சனியன்.
ஜூலையில் இரண்டு. அக்டோபரில் நாலு.
காலண்டரில், மூட்டைக் கணக்குக்குப் பக்கத்தில்
சின்னதாக 'ப' என்று குறித்துவைத்திருக்கிறேன்.
ஒட்டுக் கூலி நூற்றைம்பது
லாபத்தில் கழிக்க வேண்டுமே.

போஜனிடம் பிக்கப் சாவி கேட்டேன்.
ஏன் என்று கேட்காமல் தந்தார்.
லைசென்ஸ் என்னிடம் இல்லை.
ரிவர்ஸில் நாலடி போக எதற்கு லைசென்ஸ்?
சக்கரத்தைப் படுக்கவைத்து,
ரப்பரின் மேல் மட்டும், இரும்பைத் தொடாமல்,
கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பார்த்து
ஏற்றினேன்.

பெரிய சத்தமில்லை.
பலாப்பழம் பிளக்கிற மாதிரி ஒரு 'தொப்'.
கோழிகள் சிதறின.
நாற்காலி மட்டும் திரும்பவில்லை.

அடுத்த பக்கத்துக்கு இரண்டு தடவை ஏற்றவேண்டி வந்தது.
பிறகு கம்பியை விட்டுச் சுற்றிச் சுற்றி
விரல் இடுக்கில் தோல் போனது எண்ணிக்கையில் சேராது.
ட்யூபை உருவினேன்.
கம்பெனியில் தூவிய வெள்ளைப்பொடி
அப்படியே இருந்தது, முழங்கைவரை அப்பியது.
ஒட்டு?
ஒன்றுகூட இல்லை.

அவர் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
போன வாரம் கவாத்து வெட்டிய சரிவு,
மொட்டைக் குச்சிகள்,
பார்க்க அங்கே எதுவுமில்லை.

கைப்பம்பில் காற்றடித்தேன்.
கேரட் கழுவும் தொட்டியில் ட்யூபை அமுக்கிப்
பிடிபிடியாக நகர்த்தினேன்,
முழுதாக ஒரு சுற்று.
பிறகு, தேவையே இல்லாமல், இன்னொரு சுற்று.
தண்ணீர் கை எலும்பைக் கடித்தது.
ஒரு குமிழி வரவில்லை.

ஓட்டை எங்க, என்றார்
தேயிலையிடம்.
இதில் எங்கேயும் இல்லை, என்றேன்.

புது டயர் அரைமணியில் ஏறிவிட்டது.
உள்ளே பழைய ட்யூபையே வைத்தேன்.
நல்ல ட்யூப்.
நட்டு முறுக்கும்போது
எந்த அளவுக்கு என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.