தவறினாலும் ஒன்று

முப்பத்தோரு குளிர்காலம்
கயிறு பிடித்து நேர்கோடு போட்டவன் நான்.
செவ்வகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.
இந்த ஜூனில், பெண்டிகோவிலிருந்து வந்து சேர்ந்த
அறிவியல் டீச்சர் ப்ரோனா டல்லி
ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் ஒரு முட்டை.
"இதுதான் மைதானம்."
மூலை எங்கே என்றேன்.
"கிடையாது."

சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு
உறைபனி மொறுமொறுக்க நடந்தேன்.
கிரிக்கெட் எல்லைக்கோடு எங்கே வளையும் என்று
காலுக்கு ஞாபகம் இருந்தது,
கைக்குத்தான் இல்லை.
மட்டாவுரா ஆற்றுப் பக்கம் இரண்டு இடத்தில்
கோடு குடித்தவன்போலத் தள்ளாடியது.

பெற்றோர் கூட்டத்தில் கறிக்கடை மர்டாக் எழுந்தார்.
அவர் அப்பா ரக்பி, தாத்தா ரக்பி,
நசுங்கிய அவர் காது இரண்டும் ரக்பி.
"நாலு கம்பம் நடுகிறீர்கள்,
குறுக்குக் கம்பி ஒன்றுகூட இல்லை.
குறி தவறினாலும் ஒரு புள்ளியாம்.
என் கடையில் தப்பாக வெட்டினால்
எவன் காசு கொடுக்கிறான்?"
கூட்டம் சிரித்தது. டல்லியும் சிரித்தார்.
ரக்பியில் இடம் கிடைக்காத இருபத்துமூன்று பேர்
பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.
கடைசிப் பெயர் ஃபெர்கஸ் மர்டாக்.
பட்டியலை அவர் உரக்கப் படிக்கவில்லை.
தலைமையாசிரியர் ஹால்டேன்
ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்து
"ஒரு குளிர்காலம் பார்ப்போமே" என்றார்.

முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை.
பந்து முன்னே போனால் இவர்கள்
பழக்கதோஷத்தில் பின்னே ஓடி வரிசை கட்டினார்கள்.
"ஆஃப்சைடு கிடையாது! எங்கு வேண்டுமானாலும் நில்லுங்கள்!"
டல்லி கத்தக் கத்த
கதவைத் திறந்த பிறகும் பட்டியை விட்டு நகராத
செம்மறிகள்போல நின்றார்கள்.
எங்கு வேண்டுமானாலும் என்பது
எவ்வளவு பெரிய இடம் என்று
அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

பந்தை எறியக்கூடாது,
ஒரு கையில் ஏந்தி மறு கையால் குத்த வேண்டும்.
ஓடினால் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை
அந்தக் கோணல் பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும்.
அது ஃபெர்கஸின் மூக்கைத் தேடித்தேடி வந்தது.
வலைப்பந்து அணி 'முரடு' என்று திருப்பியனுப்பிய லோசலினே
மூன்றாம் வாரம் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி
மேலே போனாள்.
போனவள் சற்று நேரம் வரவில்லை.
வந்தபோது பந்து அவளிடம் இருந்தது.

டனீடின் அணி வந்த வியாழக்கிழமை
கோல் நடுவருக்கு வெள்ளைக் கோட்டு இல்லை.
மர்டாக் கடைக் கோட்டோடு வந்து நின்றார்.
"துவைத்ததுதான்."
எனக்கு அது தொளதொளத்தது.
பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டு
இரண்டு கொடிகளையும் எடுத்துப் போனார்.
கோலுக்கு இரண்டு கொடி, தவறலுக்கு ஒன்று.

தெற்குக் காற்று.
பத்துமுறை உதைத்தோம்,
பத்தும் உள்கம்பத்துக்கு வெளியே.
பத்துமுறையும் ஒற்றைக் கொடியை
இறுதிப்போட்டிபோல வீசினார்.
பதினொன்றாவது ஃபெர்கஸ்.
பந்து சுழன்று, உயர்ந்து, உள்ளேதான் போனது.
எல்லாரும் குதித்தார்கள்.
மர்டாக் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்,
மகனைப் பார்த்தார்,
ஒரு கொடியை எடுத்தார்.
"அப்பா!"
"உரசியது. சத்தம் கேட்டேன்."

எண்பத்தாறுக்குப் பதினொன்று.
பேருந்து போன பிறகும்
பிள்ளைகள் இருட்டில் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடையில்
கோணலாக விழுந்த துண்டு ஒன்றை
தராசில் வைக்காமல் என் பொட்டலத்தில் போட்டு
மர்டாக் ஒற்றை விரலை உயர்த்தினார்.
முகத்தில் சிரிப்பில்லை.

சனிக்கிழமை ரக்பி.
முட்டையை அழிக்கச் சொல்லி யாரும் வரவில்லை.
அதற்கு உள்ளேயே செவ்வகத்தைப் போட்டேன்.
ஆற்றுப் பக்கம் தள்ளாடிய கோட்டைத் திருத்தலாமென்று
வண்டியை அதுவரை தள்ளிப்போய்,
சுண்ணாம்பு மிச்சமிருந்தும்,
திரும்பி வந்தேன்.