சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பிரான்டன். காலை ஆறு மணி. மைனஸ் முப்பத்திநான்கு.
இறைச்சி ஆலையின் பார்க்கிங்கில்
கையுறையைப் பல்லால் கழற்றி
இழுவை வண்டிக்காரனுக்கு அடித்தேன்.

"டர்ன் ஓவர் ஆகிறதா?" என்றான் டேரில்.

ஐயையோ, கவிழவில்லை,
நாலு சக்கரத்திலும் நேராகத்தான் நிற்கிறது,
விபத்தெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்,
இன்சூரன்ஸ்காரன் காதில் விழுந்துவிடும்போல அவசரமாய்.

அந்தப் பக்கம் ஒரு இருமல்.
சிரிப்பை விழுங்கிய இருமல்.
"சாவியைத் திருகினால் என்ன சத்தம்?"
வாயாலேயே போட்டுக் காட்டினேன்:
ர்ர்-ர்ர்-ர்ர்-ர்ர்.
"அதுதான் டர்ன் ஓவர். உள்ளே சுற்றுகிறது.
கேட்ச் ஆகவில்லை, அவ்வளவுதான்."

கேட்ச். பிடித்தல்.
பிடிக்கவில்லை என்றால் என் மொழியில்
இரண்டு அர்த்தம், டேரில்.
மூன்று குளிர்காலமாய் இந்த ஊரில்
நானும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.
இதைச் சொல்லவில்லை.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்,
ஐந்தாவதில் போதும் என்றான்.

"ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதி. திருகு. விடாதே."

ர்ர்-ர்ர்-ர்ர்
ஒரு தும்மல்
ர்ர்
வண்டி முழுக்க உதறிக்கொண்டு எழுந்தது.

"ம்" என்றான்.
எனக்கு முன்னால் அவனுக்குக் கேட்டிருந்தது.
காசு வேண்டாம், நாளைக்காவது
ஹீட்டர் வயரைச் சொருகிவை என்று
வைத்துவிட்டான்.

கண்ணாடியில் பனி உருக இருபது நிமிடம் ஆகும்.
இரவெல்லாம் கத்தி பிடித்து
மடங்கியே நின்ற விரல்களை
சூடு வரும் துளையில்
ஒவ்வொன்றாக நீட்டினேன்.
சுண்டுவிரல் கடைசியாக.