எழுத்துப்பிழை

கடிதம் மூன்று மொழியில் வந்தது.
சிங்களத்தில், வருகிற மாதத்திலிருந்து
எனக்குக் கொடுப்பனவு இல்லை.
ஆங்கிலத்திலும் இல்லை, கொஞ்சம் வருத்தத்தோடு.
தமிழில் மட்டும் நான் ‘தகுதியுற்றவர்’.

தட்டச்சு செய்தவர் யாரோ,
ய-வின் அடியில் ஒரு கோடு கூட இறங்கி
தரையைத் தொட்டிருக்கிறது.
முழங்காலுக்குக் கீழே எனக்கில்லாதது
அந்த எழுத்துக்கு முளைத்திருக்கிறது.

மீளாய்வுப் படிவத்தில் பதினோராம் கேள்வி:
சென்ற வருடத்துக்குப் பின் நிலைமையில் முன்னேற்றம் உண்டா?
‘வளரவில்லை’ என்று எழுதியிருந்தேன்.
நக்கல் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

அலுவலகம் மூன்றாம் மாடி.
(இந்த நகரத்தில் எங்களாட்கள் பயந்தது நாலாம் மாடிக்கு.
எனக்கு மூன்றே போதும்.)
லிஃப்டில் ஒரு மட்டை தொங்கியது,
‘திருத்த வேலை’ என்பதற்கு ‘திருந்த வேலை’.
யார் திருந்த என்று போடவில்லை.
ஐம்பத்து நாலு படி.
பொய்க்காலின் பட்டி பழசு, ஏறும்போது கத்தும்.
புதுப் பட்டிக்குத்தான் அந்தக் காசைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்.
தண்ணீர் தந்தார், ஃபேனை என் பக்கம் திருப்பினார்,
கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
“அது எழுத்துப்பிழை, மிஸ்” என்றார்.

பிழையா?
என் அடையாள அட்டையில் நான் ஜெசிந்தா இல்லை, ஜெகிந்தா.
ஆஸ்பத்திரியில் கண் வைத்தியத்துக்கு
இரண்டு சுழி ‘கன்’தான் இத்தனை வருஷமும்.
எங்கள் தெருமுனைப் பலகையைத் தமிழில் வாசித்தால்
வேறு யாருடைய ஊரோ வரும்.
ஒருவரும் திருத்தவில்லை.
காசு கொடுக்கவேண்டி வருகிற பிழையை மட்டும்
ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
இறங்கும்போது,
நாற்பதாவது படியில்தான் வாய்க்கு வந்தது.

புதன்கிழமை கோட்டை ஸ்டேஷன் முன்னால் கூடினோம்.
ஒலிபெருக்கிக்கு அனுமதி மறுப்பு.
நிமல்ஸ்ரீக்குப் பிறவியிலேயே காது கேளாது,
அவருக்கு அது ஒரு சேதியே இல்லை.
இரண்டு விரலைக் கத்தரியாக்கி வெட்டினார்,
மற்றக் கையால் அந்தக் கத்தரியைப் பிடித்து மடக்கினார்.
எழுபது பேர் அதையே செய்தோம், திரும்பத் திரும்ப.
இன்ஸ்பெக்டர் தன் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்,
கைகளுக்குத் தடை உண்டா என்று.

பிறகு என் மட்டைக்கு வந்தார்.
புறக்கோட்டையில் கடிதத்தைப் பெருப்பித்து ஒட்டிய மட்டை.
“இதில் என்ன இருக்கு?”
உங்கள் கடிதம்தான் என்றேன். நம்பவில்லை.
தமிழ் தெரிந்த அலுவலர் வரும்வரை
ஊர்வலம் ஓரடி நகரக்கூடாது.
மருதானையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறதாம்.

பாதுக்கையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள் சோமலதா,
இரண்டு ஊன்றுகோல், ஒரு கைப்பை.
நான் வாசித்து அர்த்தம் சொன்னதும்
ஊன்றுகோல்கள் வழுக்குமளவு சிரித்தாள்.
பிறகு தன் கடிதத்தை எடுத்தாள்.
அதன் நடுப் பந்தியை
அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.
அதில் எழுத்து சரி: தகுதியற்றவர்.
“எனக்கும் அந்தக் கோட்டைப் போட்டுத் தா.”

நீலப் பேனாவால் போட்டேன்.

அவளுக்குப் பின்னால் ரிஸ்மியா.
பின்னால், மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவந்த தகப்பன்,
எந்த எழுத்து என்று இரண்டு தரம் கேட்டார்.
வரிசை டிக்கெட் கவுண்டர் வரைக்கும் போய்விட்டது.
நிமல்ஸ்ரீ வரிசையை ஒழுங்குபடுத்தினார்,
சத்தமில்லாமல், கண்டிப்பாக.

தூறல் தொடங்கியது. கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.
தமிழ் தெரிந்தவர் இன்னும் மருதானையில்.
முப்பத்தோராவது கடிதத்தில் மை நின்றது.
பேனாவை உதறினேன், உள்ளங்கையில் தேய்த்தேன்.

சோமலதா கைப்பையைத் துழாவி
தன் புருவப் பென்சிலை எடுத்து
மூடியைப் பல்லால் கழற்றி நீட்டினாள்.