எவ்ளோ நாள்ல?

தரமணி சிக்னலில் ஆட்டோ நின்றது.
"உள்ள என்னம்மா வேலை?" என்றார் மாசிலாமணி.
"மணல்," என்றேன். "மருந்து தூக்கிப் போகும் மணல்."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
திரிசூலம் கல்குவாரியில் பதினோரு வருஷம்.
எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும்
அரிசி இறைத்த மாதிரி இருந்ததாம்.
"அதையா ஊசியில ஏத்தப் போறீங்க?"

அது வேறு, இது வேறு என்று ஆரம்பித்தேன்.
அது படிகம், முனை உள்ளது, லேசில் கரையாது.
இது நாங்கள் குடுவையில் வளர்த்த உருண்டை.
உடம்பெல்லாம் துளை,
துளைக்குள் மருந்து,
வாசலில் ஒரு மூடி.
கட்டியின் புளிப்பு பட்டால்தான் திறக்கும்.
அப்புறம் கரைந்து
சிறுநீரோடு போய்விடும்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
மிச்சத்தை அவரிடம் சொல்லவில்லை:

மேலுறை பூசாமல் விட்ட செவ்வாய்க்கிழமை
சிவப்பணுக்கள் வெடித்து
குழாய் முழுக்க ரோஸ் சிரப் நிறம்.
போன தொகுதி எலிகளின் ஈரலில்
இருபத்தோராம் நாளும் கொஞ்சம் மீதம்.
அந்தக் கொஞ்சத்துக்கு
என் அட்டவணையில் கட்டம் உண்டு,
எண்ணை இன்னும் எழுதவில்லை.

கேட்டில் இறங்கினேன்.
சில்லறை தேடிக்கொண்டே கேட்டார்:
"கரையும்னீங்களே, எவ்ளோ நாள்ல?"

ஒரு வருஷமாய் என் கைடு கேட்காதது.

புதுத் தொகுதிக்கு இன்று கடைசி நாள்.
கூண்டுச் சீட்டில் இருபத்தொன்றை அடித்துவிட்டு
தொண்ணூறு என்று எழுதினேன்.
உள்ளே ஒன்று
மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தது.