லோடு கணக்கு

கப்பலில் இரண்டு மணி நேரம் வாந்தி எடுத்தபின்
இறங்கினோம்.
மகள் இந்திராணி நர்ஸ் வேலை பார்க்கிற ஊரிலிருந்து
இன்னும் தள்ளி ஒரு தீவு.
பேரைச் சொன்னார்கள், வாயில் நிற்கவில்லை.

தென்னந்தோப்பு முடிந்த இடத்தில்
மணல் ஆரம்பித்தது.
ஆள் இல்லை.
ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது,
பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

அஞ்சலாட்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
முட்டிவரைக்கும் இறங்கிவிட்டாள்.
முப்பத்தொரு வருஷத்தில்
அவள் கெண்டைக்காலை வெயிலில் நான் பார்த்ததில்லை.
"இன்னாய்யா நின்னுகினே கீற, வா."

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாறையிலிருந்து அந்தச் சாய்ந்த மரம்வரை
நானூறு அடி.
அகலம் அறுபது.
ஆளுயரம் தோண்டினாலே
ஆயிரத்து நானூறு யூனிட்டுக்குக் குறையாது.
டிப்பருக்கு நாலு.
முந்நூற்றைம்பது லோடு.
இரண்டு பொக்லைன் இருந்தால்
பத்து ராத்திரி.

கடல் என் காலுக்கு வந்து போனது.
வந்து போனது.
கணக்கு கலைந்து
மறுபடி பாறையிலிருந்து தொடங்கினேன்.

வெட்கமாக இல்லையா என்றால்
அப்போது இல்லை.
அடுத்தவன் சமைத்த கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து
சமையல்காரன் உப்பு பார்ப்பானே,
அதுமாதிரிதான்.

குனிந்து ஒரு பிடி எடுத்தேன்.
மாவு மாதிரி. வெள்ளை. அரைத்த சங்கு.
நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
இதைக் கலந்து தளம் போட்டால்
அஞ்சே வருஷத்தில் கம்பி துருப்பிடித்து
காரை பெயர்ந்து தலையில் விழும்.
ஒரு மேஸ்திரியும் தொடமாட்டான்.

ஓகோ, அப்படியா சங்கதி என்று
அந்தக் கரையைப் பார்த்துச் சொன்னேன்.
தப்பித்தாய்.
எங்கள் பக்கம் ஒருத்தி இருந்தாள்.
பேரிலேயே பால்.
உப்பில்லாமல் பிறந்ததுதான் அவள் செய்த தப்பு.
இப்போது வேலூரிலிருந்து பெங்களூர்வரை
மாடி மாடியாக நிற்கிறாள்.

அஞ்சலாட்சி மடியில் கிளிஞ்சல் சேர்த்தாள்.
அதில் ஒன்று நடந்தது.
"அய்யே, இதுல ஆள் குடி கீது"
என்று எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.
வைத்துவிட்டு ஒரு நிமிஷம்
அது கதவைச் சாத்துகிறதா என்று நின்று பார்த்தாள்.

காட்பாடியில் இறங்கும்போது ஐந்தே முக்கால்.
ஆட்டோக்காரன் பைகளைப் பார்த்து,
"எந்த ஊர்ணா?"
சொன்னேன்.
"இன்னா கீது அங்க?"
"மணல் கீது.
யாரும் அள்ளல."
அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

விருதம்பட்டு தாண்டிப் பாலம் ஏறியது.
போன வாரம் மழையாம்,
பள்ளங்களில் தண்ணீர் நின்றிருந்தது.
வேலிக்காத்தான், டயர், ஒரு கட்டில் சட்டம்,
மேலே கொஞ்சம் வெளுத்த வானம்.

அஞ்சலாட்சி தலையை வெளியே நீட்டினாள்.
"இங்க பாருய்யா. இங்கயும் ஒரு தீவு."

பெரிய பள்ளத்தின் நடுவே ஒரு மேடு.
கோரைப்புல். ஒற்றைக் கொக்கு.

எனக்குத் தெரியும் அந்த மேட்டை.
நாலு பக்கமும் அள்ளி முடித்து
அதில் கைவைக்கும்போதுதான்
பாலத்தின்மேல் ஜீப் வெளிச்சம் திரும்பியது.
வண்டி விளக்கை அணைத்துக்கொண்டு ஓடினோம்.
அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

"அழகா கீது இல்ல?"

"ம்" என்றேன்.
செருப்புக்குள் இன்னும் அந்த உப்பு மணல்
நறநறத்துக்கொண்டிருந்தது.

மூன்று லோடு.
நெருக்கிப் போட்டால் மூன்றரை.