காந்தம்

முத்தியால்பேட்டையில் இது மூன்றாவது.
எண்பத்தாறு மாடல் பத்மினி, வெளிர்பச்சை.
நாற்பத்தைந்துக்கு மேல் என்னிடம் இல்லை.

ஃபிரிட்ஜிலிருந்து பெயர்த்து வந்த
அன்னாசிக் காந்தத்தைக் கதவில் வைத்தேன்.
நழுவியது.
மட்கார்டில் வைத்தேன். விழுந்தது.
பெயின்ட்டுக்குக் கீழே பட்டி,
பட்டிக்குக் கீழே
கடற்காற்று.

"உப்பைத் தின்ன வண்டி மேடம்,
தண்ணியும் கொஞ்சம் குடிக்கும்"
ரேடியேட்டரைத் தட்டினார் தனராசு.
மறைக்கவில்லை மனிதர்.

சோக்கை இழுத்தேன்.
நாலு இருமல்,
பிறகு பிடித்துக்கொண்ட உதறலில்
டாஷ்போர்டுப் பெட்டி தானாய்த் திறந்து
ஒற்றைக் கொலுசைக் காட்டிற்று.
"அது வண்டியோடதுதான்" என்றார்.

கூரையில் மட்டும் காந்தம்
விடாமல் பிடித்தது.
எடுக்கவில்லை.
அட்வான்ஸ் ஐயாயிரம்.

வீட்டில்
பால் கணக்குச் சீட்டு
தரையில் கிடக்கிறது.