திட்டவிலக்கம்

குழுவின் பெயர் 'புள்ளியியல் மூன்றாம் ஆண்டு'.
ஜெரால்டின் மேடத்தோடு அறுபத்து மூன்று பேர்.
முகப்புப் படத்தில் மணிவடிவ வளைவு,
அம்பாரம் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம்.
விதி ஒன்றே ஒன்று:
பாடம் தவிர எதுவும் வரக்கூடாது.
காலை வணக்கம் என்று ரோஜாப்பூ போட்ட
பிரகலாதனை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்.

மழைக்கு விடுமுறை விட்டாலும்
மன்னார்குடியிலிருந்து குரல் வந்துவிடும்.
நாலு நிமிடம், பதினொரு நொடி.
நடுவில் குக்கர் மூன்று விசில்.
"இதுவரை புரிந்தவர்கள் கட்டைவிரல் போடுங்க."
புரியாதவர்களும் போடுவோம்.
வடுவூரில் எனக்கு ஒற்றைக் கோடு சிக்னல்.
பம்புசெட் கொட்டகை மேல் ஏறி நின்றுதான்
புரிந்ததாகச் சொல்ல முடியும்.

திட்டவிலக்கம் நடத்திய அன்று
திட்டு இருக்கிறது, விலக்கும் இருக்கிறது,
நம் வீட்டுப் பாடம்தான் என்று சிரித்தோம்.

ஐப்பசி, வியாழன், இரவு பத்தேகால்.
மணிபாரதி ஒரு படம் அனுப்பினான்.
கொள்முதல் நிலையம், தார்ப்பாய்,
தார்ப்பாயின் குழியில் தண்ணீர்,
மூட்டைத் தையலில் பச்சையாய் ஒரு முளை.
அனுப்பிய வேகத்தில் அழித்தான்.
'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'
என்ற சாய்ந்த எழுத்து மட்டும் கிடந்தது.
பிறகு எழுதினான்:

"மேடம், இது பாடம்தான்.
ஒரே மூட்டை, ஒரே மிஷின்.
17.8
18.4
16.9
19.1
பதினேழுக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க.
இதுல எது உண்மை?"

நீல டிக்.
ஜெரால்டின் டைப் செய்கிறார்...
நின்றது.
டைப் செய்கிறார்...
நின்றது.

அதற்குள் நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.
சராசரி பதினெட்டு புள்ளி பூஜ்யம் ஐந்து.
அவனுக்கு ஆகாத கணக்கு.
எல்லார் கையிலும் கால்குலேட்டர் இருந்தது,
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
கொட்டகைத் தகரத்தில் மழை.
இறங்கினால் சிக்னல் போய்விடும்.

"நாலு போதாது" என்று வந்தது.
கொஞ்சம் கழித்து,
"வேற யார் வீட்டு நெல் வெளியே கிடக்கு?"

விதியை அவரே உடைத்த பிறகு
கோட்டூரிலிருந்து ஆறு வந்தது,
நீடாமங்கலத்திலிருந்து ஒன்பது.
வகுப்பில் வாயே திறக்காத துர்காதேவி
அப்பா சட்டைப்பையில் நனைந்து கிழிந்த சீட்டை
ஒட்டிப் படமெடுத்து அனுப்பினாள்.
"ஞாபகத்துல இருக்கறது தரவு ஆகாது,
சீட்டு இருந்தா மட்டும் போடுங்க"
என்று இரண்டு பேருடையதைத் தள்ளினார்.
ஒரு குழி நிலமில்லாத கூத்தாநல்லூர் நஸ்ரின்
அட்டவணை போட்டாள்:
ஊர், தேதி, மூட்டை, எத்தனையாவது முறை, கருவி.
மறுநாள் விளக்கு வைப்பதற்குள்
நாற்பத்தொரு வரிசை.

அன்றைய குரல்பதிவு ஒன்பது நிமிடம்.
குக்கர் இல்லை.
ஒரு மூட்டைக்குள்ளேயே கிட்டத்தட்ட
ஒரு புள்ளி ஊசலாடுகிறது என்றார்.
"மிஷின் பொய் சொல்லுதுன்னு எழுதாதீங்க.
எவ்வளவு தடுமாறுதுன்னு எழுதுங்க.
திங்கட்கிழமை சேர்ந்து மனு தயாரிப்போம்,
மேலாளர் படிக்கிற மாதிரி, ஒரே பக்கம்."
அறுபத்திரண்டில் அறுபது கட்டைவிரல்.
மணிபாரதி பார்க்கவில்லை.
ஒற்றை டிக், சாம்பல் நிறம்.

சனிக்கிழமை விடியல், ஐந்து பன்னிரண்டு:
"நெல்லு போயிடுச்சு மேடம்.
வியாபாரி வந்தாரு.
அப்பாவால இன்னொரு மழை தாங்க முடியாது.
மிஷினெல்லாம் வைக்கல,
ஒரு நெல்லைக் கடிச்சுப் பாத்துட்டு
பதினெட்டுன்னாரு."

யாரும் எதையும் போடவில்லை.
பிரகலாதன் எதையோ அனுப்பி, நீக்கினான்.
ஜெரால்டின் டைப் செய்கிறார்...
இந்த முறை நிற்கவே இல்லை,
பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று
கொட்டகை மேல் குந்தியிருந்தேன்.

வந்தது இவ்வளவுதான்:
"நஸ்ரின், நாற்பத்திரண்டாவது வரிசை.
அளவு பதினெட்டு.
கருவி: பல்."